சட்டம் வரும்வரை பொறுக்கலாமா?

வாசகர் கடிதம்:

"இலண்டனின் மேற்குப் புறத்தில், ஆயிரம் பேருக்கு மேல் வேலை செய்யும் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் ஒன்பது ஆண்டுகளாக இருக்கிறேன். அதற்கு முன் கொழும்பில் ஒரு வங்கியில் ஏழு ஆண்டுகள் வேலை பார்த்தேன். போன ஆண்டு எங்கள் பிரிவுக்கு ஒரு வெள்ளைக்கார இளைஞர் வந்தார். அவருக்கு வேலை பழக்கியது நான்தான். இருவருக்கும் ஒரே பதவி, ஒரே வேலை. இரண்டு மாதங்களுக்கு முன் அவருடைய சம்பளச் சீட்டு பிரிண்டர் தட்டில் கிடந்தது. என்னைவிட மாதம் 350 பவுண்ட் அதிகம். கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொண்டேன். மேலாளரிடம் 'என் சம்பளத்தை மறுபடி பார்க்க முடியுமா' என்று மட்டும் கேட்டேன். ஆறு வாரங்களுக்கு முன் மின்னஞ்சலில் பதில் வந்தது. சந்தை நிலவரப்படிதான் சம்பளம் கொடுக்கிறோம், ஆளை எடுக்கும்போது இந்த நாட்டு அனுபவத்தை மட்டுமே கணக்கில் எடுப்போம், ஊழியர்கள் தங்களுக்குள் சம்பளம் பேசுவது ஒப்பந்தத்துக்கு விரோதம் என்று எழுதியிருந்தார். எங்கள் பிரிவில் கீழ்த் தரங்களில் இருப்பவர்கள் பெரும்பாலும் என்னைப் போல வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள். அரசு புதிய சட்டம் கொண்டுவரப் போகிறது, அதுவரை பொறுத்திரு என்கிறார் என் கணவர். பொறுக்கலாமா? இன விவரம் கேட்டு நிறுவனம் தந்த படிவத்தில் 'சொல்ல விருப்பமில்லை' என்று குறித்துவிட்டேன். அது எனக்குப் பாதகமாகுமா?"

அன்புள்ள சகோதரிக்கு,

பொறுக்க வேண்டாம். உங்கள் கடிதத்தில் என்னைப் பதறவைத்தது அந்த 350 பவுண்ட் அல்ல, "ஆறு வாரங்களுக்கு முன்" என்ற சொற்கள்தான். இனப் பாகுபாட்டுக்காகத் தொழில் தீர்ப்பாயத்துக்குப் போவதற்குப் பிரித்தானியச் சட்டம் தந்திருக்கும் அவகாசம், சம்பவம் நடந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்கு ஒரு நாள் குறைவு. மேலாளர் மறுத்து எழுதிய நாளிலிருந்து எண்ணினால் உங்களிடம் ஏழு வாரம்கூட மிச்சமில்லை. 2025 டிசம்பரில் நிறைவேறிய வேலைவாய்ப்பு உரிமைகள் சட்டம் இந்த அவகாசத்தை ஆறு மாதமாக நீட்ட வழி செய்திருக்கிறது. ஆனால் ஒரு சட்டம் நிறைவேறும் நாள் வேறு, அதன் ஒவ்வொரு பிரிவும் நடைமுறைக்கு வரும் நாள் வேறு. நீங்கள் மூன்று மாதம் என்றே கணக்கு வையுங்கள்.

இன்னொன்று. நிறுவனத்துக்குள் முறைப்பாடு கொடுத்துவிட்டால் இந்தக் கணக்கு நின்றுவிடும் என்று நம்மவர்கள் பலர் நினைக்கிறார்கள். நிற்காது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பண்டகசாலைத் தொழிலாளி ஆலோசனை கேட்டு என் அலுவலகத்துக்கு வந்தார். வயதில் மூத்தவர். கடிதங்களையெல்லாம் திகதி வாரியாக அடுக்கி, ஒரு பிளாஸ்டிக் உறையில் வைத்துக் கொண்டுவந்திருந்தார். அவ்வளவு ஒழுங்கான கோப்பை வழக்கறிஞர்களிடம்கூட நான் அதிகம் பார்த்ததில்லை. வழக்குக்கு வேண்டிய எல்லாமே அதில் இருந்தது. ஆனால் நான்காவது மாதம் நடந்துகொண்டிருந்தது. "அவர்கள் விசாரித்து முடிக்கட்டும் என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன், பிள்ளை" என்றார். நியாயம் என்று தோன்றினால் தீர்ப்பாயம் அவகாசத்தை நீட்டலாம். அது தீர்ப்பாயத்தின் விருப்பம், நம் உரிமை அல்ல. அவருக்கு நீட்டவில்லை. கணக்கை நிறுத்தும் ஒரே செயல், ஏகாஸ் என்னும் சமரச அமைப்புக்கு அறிவிப்பதுதான். அது இலவசம், இணையத்திலேயே செய்யலாம், வழக்கறிஞர் தேவையில்லை. அப்படி அறிவிக்காமல் தீர்ப்பாயத்தின் கதவைத் தட்டவும் முடியாது.

இனி உங்கள் விடயத்துக்கு வருகிறேன். உங்கள் கையில் இருப்பது ஒரு வழக்கு அல்ல, இரண்டு. இனப் பாகுபாட்டை மட்டுமே நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். அந்த இளைஞர் ஆண், நீங்கள் பெண் என்பதைக் கவனிக்கவில்லை. இந்த நாட்டுச் சட்டத்தில் பலமான பாதை அதுதான்.

அது ஏன் பலமானது என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. 1968இல் டாகனம் ஃபோர்டு தொழிற்சாலையில் கார் இருக்கைகளுக்கு உறை தைத்த பெண்கள் தையல் இயந்திரங்களை விட்டு எழுந்து வெளியே போனார்கள். அமைச்சர் பார்பரா காசில் தலையிட்டார். அதன் பலனாக 1970இல் சம ஊதியச் சட்டம் பிறந்தது, 1975 இறுதியில் நடைமுறைக்கு வந்தது. இன்று அது 2010ஆம் ஆண்டு சமத்துவச் சட்டத்துக்குள் இருக்கிறது. ஒரே வேலையை, அல்லது சம மதிப்புள்ள வேலையைச் செய்யும் ஆணுக்கு அதிகம் கொடுத்தால், பெண்ணின் ஒப்பந்தத்துக்குள் அதே சம்பளம் தானாகவே எழுதப்பட்டதாகச் சட்டம் கொள்கிறது. முதலாளியின் மனதில் கெட்ட எண்ணம் இருந்தது என்று நீங்கள் நிறுவ வேண்டியதில்லை. வித்தியாசத்துக்கு, ஆண், பெண் என்ற பால் வேறுபாட்டோடு தொடர்பில்லாத உண்மையான காரணம் உண்டு என்று அவர்கள்தான் நிறுவ வேண்டும். அவகாசமும் தாராளம். வேலையில் இருக்கும்வரை வழக்குத் தொடுக்கலாம், விலகினால் அதன் பின் ஆறு மாதம்.

"சந்தை நிலவரம்" என்ற பதிலைக் கண்டு மலைத்துவிடாதீர்கள். அது ஒரு காரணமாக இருக்க முடியும், ஆனால் வாயால் சொன்னால் போதாது. 2024 ஓகஸ்ட்டில் நெக்ஸ்ட் நிறுவனத்தின் கடை ஊழியர்கள் மூவாயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் வென்ற வழக்கில் நிறுவனம் சொன்னதும் இதைத்தான்: பண்டகசாலை வேலைக்குச் சந்தையில் விலை அதிகம், ஆகவே அங்கே சம்பளம் அதிகம். பெரும்பாலும் பெண்கள் இருக்கும் கடை வேலைக்கும் பண்டகசாலை வேலைக்கும் இருந்த அந்த வித்தியாசத்துக்கு இது போதிய காரணமல்ல என்று தீர்ப்பாயம் சொல்லிவிட்டது. உங்கள் விடயத்தில் வேலை ஒன்று, பிரிவும் ஒன்று. ஒரே சந்தையில் இரண்டு விலை எப்படி வந்தது என்று அவர்கள் காட்ட வேண்டும்.

பணத்தைப் பற்றியும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். சம ஊதிய வழக்கில் ஆறு ஆண்டுகள்வரை பின்னோக்கிக் கேட்கலாம் என்பது உண்மை. ஆனால் நீங்கள் ஒப்பிடும் ஆள் வந்து ஓர் ஆண்டுதான் ஆகிறது. ஆக, ஆண்டுக்கு 4,200 பவுண்ட், அதோடு ஓய்வூதியப் பங்கு, அதோடு இனிமேல் உயரும் சம்பளம். அவருக்கு முன் அதே வேலையில் இருந்த ஆண் எவராவது உங்களைவிட அதிகம் வாங்கியிருந்தால் கணக்கு மாறும். நினைவுபடுத்திப் பாருங்கள். மனவேதனைக்கான இழப்பீடு இந்தப் பாதையில் கிடையாது, இனப் பாகுபாட்டு வழக்கில் மட்டுமே உண்டு.

அந்த இரண்டாவது பாதை கடினமானது. சம ஊதியம் பற்றிய சட்டப் பிரிவுகள் பாலுக்கு மட்டுமே எழுதப்பட்டவை. இனத்தைக் காரணமாக வைத்துச் சம்பளம் குறைத்தால், பொதுவான பாகுபாட்டுப் பிரிவுகளின் கீழ்தான் போக வேண்டும். இனம்தான் காரணம் என்று எண்ண இடமளிக்கும் செய்திகளை முதலில் நீங்கள் முன்வைக்க வேண்டும், அதன் பிறகே விளக்கம் சொல்லும் பொறுப்பு முதலாளிக்குப் போகும். நைஜீரியாவில் பிறந்த ஒரு தபால்காரர் தன் நிறுவனத்திலேயே முப்பது தடவைக்கு மேல் மேலாண்மை, தொழில்நுட்ப வேலைகளுக்கு விண்ணப்பித்து ஒவ்வொரு தடவையும் நிராகரிக்கப்பட்டார். வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போனது. அந்த முதல் படியை அவர் தாண்டவில்லை என்று 2021இல் தீர்ப்பு வந்தது. யாரை எடுத்தார்கள், ஏன் எடுத்தார்கள் என்ற விவரமெல்லாம் நிறுவனத்தின் அலமாரியில் இருக்கும். அதை வெளியே இருக்கும் ஒருவர் காட்ட வேண்டும் என்பது குருவியின் தலையில் பனங்காயை வைப்பதுதான். இருபது ஆண்டுகளாக இந்த வேலையைச் செய்தும் எனக்கு அது பழகவில்லை.

ஆனால் உங்கள் மேலாளர் தன் கையாலேயே ஒரு செய்தியை எழுதித் தந்திருக்கிறார்: "இந்த நாட்டு அனுபவத்தை மட்டுமே கணக்கில் எடுப்போம்." அந்த மின்னஞ்சலைப் பத்திரப்படுத்துங்கள். எல்லோருக்கும் ஒரே விதி என்று வெளியில் தோன்றும், ஆனால் அடி விழுவது ஓர் இனத்தவர் மேல்தான் என்றால் அதைச் சட்டம் மறைமுகப் பாகுபாடு என்கிறது. கொழும்பில் நீங்கள் ஏழு ஆண்டுகள் கூட்டிக் கழித்த பேரேடு, இலண்டனில் கூட்டிக் கழித்ததைவிட எந்த விதத்தில் குறைந்தது? வரிச் சட்டம் தெரிய வேண்டிய வேலையாக இருந்தால் அவர்களிடம் ஒரு பதில் இருக்கலாம். விலைப்பட்டியல்களைச் சரிபார்க்கும் வேலைக்கு என்ன பதில்? மறைமுகப் பாகுபாட்டில் நமக்குப் பெரிய உதவி, 2017இல் உச்ச நீதிமன்றம் தந்த ஒரு தீர்ப்பு. உள்துறை அமைச்சின் பதவி உயர்வுத் தேர்வில் சிறுபான்மை இனத்தவர் அதிகமாகத் தோற்றார்கள். ஏன் என்று யாருக்கும் தெரியவில்லை. ஏன் என்று நீங்கள் நிரூபிக்கத் தேவையில்லை, விதியால் உங்கள் குழுவுக்குப் பாதிப்பு என்று காட்டினால் போதும் என்றது நீதிமன்றம்.

அதே தீர்ப்பின் மறுபாதி கசப்பானது, அதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். சிறைச்சாலைகளில் மதகுருமாருக்குச் சேவைக்காலத்தின்படி சம்பளம் படிப்படியாக உயரும். 2002 வரை முஸ்லிம் மதகுருமாரைச் சம்பளப் பதவிக்கு எடுக்கவே இல்லை, வந்து போகும் நேரத்துக்கு மட்டும் பணம் கொடுத்தார்கள். ஆகவே பின்னால் அவர்களின் சராசரிச் சம்பளம் கிறிஸ்தவ மதகுருமாரைவிடக் குறைந்தே இருந்தது. இது பாதிப்புத்தான் என்று உச்ச நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. ஆனால் புதிய சம்பள முறைக்கு மாறும் காலத்தில் அதைப் பொறுத்துக்கொள்ளத் தக்க காரணம் உண்டு என்று கீழே சொல்லப்பட்டதை மாற்றவில்லை. பாதிப்பைக் காட்டுவது பாதி வழிதான். முதலாளி தன் விதிக்கு நியாயமான காரணம் காட்டிவிட்டால் மீதி வழி அடைபட்டுவிடும்.

உங்கள் ஏழு ஆண்டுகளைப் பற்றி வாசித்தபோது 1991இல், அன்று இந்த நாட்டின் உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை தீர்த்த கபூர் வழக்கு நினைவுக்கு வந்தது. கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து இங்கே வந்த ஆசிய வங்கி ஊழியர்கள் அவர்கள். ஆப்பிரிக்காவில் அவர்கள் செய்த சேவையை இங்கே ஓய்வூதியத்துக்குக் கணக்கில் எடுக்க வங்கி மறுத்தது. காலம் கடந்துவிட்டது என்று வங்கி வாதாடியது. இல்லை, குறைந்த நிபந்தனைகளில் வேலை வாங்கும் ஒவ்வொரு நாளும் அந்தச் செயல் தொடர்கிறது என்றது பிரபுக்கள் சபை. வழக்கின் சாரத்தில் அவர்கள் பின்னர் தோற்றார்கள். ஆனால் "தொடரும் செயல்" என்ற அந்த விதி இன்றும் நிற்கிறது. உங்கள் குறைந்த சம்பளமும் தொடரும் செயல்தான் என்று வாதாட அது உதவும். வாதத்துக்கு அதை வைத்துக்கொள்ளுங்கள், திகதியை மட்டும் அதை நம்பித் தவறவிடாதீர்கள்.

ஒப்பந்தத்தைக் காட்டி வாயைக் கட்டப் பார்க்கிறார்களே, அதற்கும் பதில் உண்டு. சமத்துவச் சட்டத்தின் 77ஆவது பிரிவின்படி, பாகுபாடு இருக்கிறதா என்று அறிவதற்காகச் சக ஊழியரிடம் சம்பளம் கேட்பதையும் சொல்வதையும் எந்த ஒப்பந்த வரியாலும் தடுக்க முடியாது. அந்த இளைஞரிடமே நேராகக் கேளுங்கள். இப்படிக் கேட்கப்பட்டவர்கள் பல வேளைகளில் மறைக்காமல் சொல்வதை நான் பார்த்திருக்கிறேன்; தனக்கு வேலை பழக்கியவருக்குக் குறைவு என்று அறிவது அவர்களுக்கும் உவப்பாக இருப்பதில்லை.

ஆனால் அந்தப் படம் வேறு விடயம். 77ஆவது பிரிவு பேச்சைக் காக்கிறது, மற்றவர் சீட்டைப் படம் எடுப்பதைக் காக்கும் என்று நான் உறுதி தர மாட்டேன். அதிலும் நீங்கள் கணக்குப் பிரிவில் இருப்பவர். சம்பளக் கணக்கு இருக்கும் கணினிக்குள் போய் மற்றவர்களின் விவரத்தைப் பார்க்கும் வசதி உங்களுக்கு இருந்தால், தயவுசெய்து அந்தப் பக்கமே போகாதீர்கள். நல்ல வழக்கு வைத்திருந்தவர்கள் தரவைத் திருடினார்கள் என்ற ஒரே காரணத்தால் வேலை இழந்ததைக் கண்டிருக்கிறேன். ஏற்கெனவே எடுத்த படத்தை யாருக்கும் அனுப்ப வேண்டாம். அழிக்கவும் வேண்டாம், வழக்கு வரக்கூடிய நிலையில் சான்றை அழிப்பது இன்னொரு சிக்கல். முதலில் பார்க்கும் வழக்கறிஞரிடம் அதை ஒளிக்காமல் சொல்லுங்கள்.

மேலாளரிடம் நீங்கள் கேட்டது "மறுபடி பார்க்க முடியுமா" என்று மட்டும்தான். மரியாதையான கேள்வி, ஆனால் சட்டத்தின் கண்ணில் அது வெறும் சம்பள உயர்வுக் கோரிக்கை. பாகுபாடு பற்றி முறையிட்டதற்காக ஒருவரைப் பழிவாங்குவது சட்டவிரோதம், நீங்கள் சொன்னது பின்னால் நிரூபணமாகாவிட்டாலும் அந்தப் பாதுகாப்பு உண்டு, நல்லெண்ணத்தோடு சொல்லியிருந்தால் போதும். ஆனால் பாகுபாடு என்று நீங்கள் சொன்னால்தானே அந்தக் கவசம் வரும்? அடுத்து எழுதும் கடிதத்தில் "என் பாலும் இனமும் காரணமாக எனக்குக் குறைந்த சம்பளம் தரப்படுகிறது என்று நம்புகிறேன், இது 2010 சமத்துவச் சட்டத்துக்கு மாறானது" என்ற வரி இருக்கட்டும். எங்கள் ஆட்கள் இந்த வரியை எழுதத் தயங்குவார்கள், சண்டைக்குப் போவது போல் இருக்கிறது என்பார்கள். சண்டை இல்லை, கேடயம்.

இனி உங்கள் கணவர் சொன்ன சட்டம். அவர் சொன்னதில் உண்மை இருக்கிறது. 2024 ஜூலையில் மன்னர் உரையில் இனம், மாற்றுத்திறன் ஆகியவற்றுக்கான சமத்துவ மசோதாவின் வரைவு அறிவிக்கப்பட்டது. 2025 மார்ச் முதல் ஜூன் வரை அரசு பொதுமக்களிடம் கருத்துக் கேட்டது. 250 பேரோ அதற்கு மேலோ வேலைக்கு வைத்திருக்கும் நிறுவனங்கள் இன வாரியாகச் சம்பள இடைவெளியை ஆண்டுதோறும் வெளியிட வேண்டும் என்பது ஒரு பகுதி. நான் மேலே சொன்ன சம ஊதிய உரிமையை இனத்துக்கும் விரிவாக்குவது இன்னொரு பகுதி. இரண்டாவதுதான் உங்களைப் போன்றவர்களுக்குப் பெரியது. அது வந்தால் அந்தத் தபால்காரர் தடுக்கி விழுந்த படி உங்களுக்கு இவ்வளவு உயரமாக இருக்காது. ஆனால் இதை எழுதும் நாள்வரை அது சட்டமாகவில்லை.

எனக்கு இதில் பொறுமை குறைவு என்பதை மறைக்கவில்லை. 2009இல் அரசின் வேலைவாய்ப்பு, ஓய்வூதியத் துறைக்காகச் செய்யப்பட்ட ஆய்வில், தகுதிகள் ஒன்றாக இருந்தும், வெள்ளையர் பெயருள்ள விண்ணப்பங்களுக்கு ஒன்பது அனுப்பினால் ஒரு நல்ல பதில் வந்தது. சிறுபான்மையினர் பெயருக்குப் பதினாறு அனுப்ப வேண்டியிருந்தது. அரசுக்குத் தெரியும். 2017இல் அரசே கேட்டுப் பெற்ற மெக்கிரெகர்-ஸ்மித் அறிக்கை இன வாரிச் சம்பள விவரத்தைக் கட்டாயமாக்கச் சொன்னது. 2018இல் கருத்துக் கேட்டார்கள். 2022இல் விரும்பியவர்கள் வெளியிடலாம் என்று முடிவு செய்தார்கள். 2025இல் மறுபடி கருத்துக் கேட்டார்கள். இந்த இடைக்காலத்தில் ஒன்பது ஆண்டு வேலை செய்துவிட்டீர்கள் நீங்கள்.

வெளியிடுவதால் என்ன கிடைக்கும் என்று கேட்கலாம். பால் வாரியான விவரம் 2017 முதல் 250 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்களுக்குக் கட்டாயம். உங்கள் நிறுவனத்தின் கணக்கும் அரசின் இணையதளத்தில் இருக்கும், இன்றிரவே பார்க்கலாம். நான்கு சம்பளப் படிகளிலும் பெண்கள் எத்தனை சதவீதம் என்று அதில் இருக்கும். 2017இல் நாடு முழுவதும் ஆண், பெண் ஊழியரின் இடைநிலை மணிச் சம்பளத்துக்கு (வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்பவரின் சம்பளம்) இடையே 18.4 சதவீத இடைவெளி இருந்தது, 2024இல் 13.1 சதவீதம். அறிக்கைதான் இதைக் குறைத்தது என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் ஆண்டுதோறும் ஏப்ரலில் தன் பெயருக்கு நேரே ஓர் எண் வெளிவரும் என்று தெரிந்த இயக்குநர் சபை அந்த எண்ணைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. இன்று அந்தச் சபையில் இனம் பற்றிப் பேச ஓர் எண்ணும் இல்லை.

ஒன்றை மட்டும் பிரித்துப் புரிந்துகொள்ளுங்கள். சம்பள இடைவெளி வேறு, சமமற்ற சம்பளம் வேறு. உங்களுக்கும் அந்த இளைஞருக்கும் இடையே இருப்பது சமமற்ற சம்பளம். உங்கள் பிரிவின் கீழ்த் தரங்களில் வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் குவிந்திருப்பது இடைவெளி. முன்னதற்கு வழக்கு, பின்னதற்கு அறிக்கை. இடைவெளி அறிக்கை வந்தால் உங்கள் வழக்குக்கு அது ஒரு சான்று, அதுவே தீர்வு அல்ல.

வரப்போகும் சட்டத்தில் நான் கூர்ந்து பார்ப்பது இரண்டு இடங்களை. ஒன்று, ஒப்பந்தக்காரர் மூலம் வேலைக்கு வருபவர்கள். இலண்டனின் அரச பூங்காக்களில் கழிப்பறைகளைத் துப்புரவு செய்தவர்கள், பெரும்பாலும் ஆப்பிரிக்க வம்சாவளியினர், ஒப்பந்தக்காரரின் ஊழியர்கள். பூங்கா அலுவலகத்தின் நேரடி ஊழியர்களுக்குக் கிடைத்த இலண்டன் வாழ்வூதியம், அதாவது அந்த நகரின் வாழ்க்கைச் செலவுக்கேற்ற குறைந்தபட்சச் சம்பளம், அவர்களுக்குக் கிடைக்கவில்லை. முதலில் வென்று, 2024இல் மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் தோற்றார்கள். வேலையை வெளியே கொடுத்துச் சம ஊதியத்திலிருந்து தப்புவதைத் தடுப்போம் என்று அரசு சொல்லியிருக்கிறது. அந்த வரி கடைசிவரை மசோதாவில் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். அது போய்விட்டால், நம் ஊரவர் பலர் வேலை செய்யும் துப்புரவு, காவல், சமையலறை வேலைகள் எல்லாம் வெளியே நின்றுவிடும்.

மற்றது, நீங்கள் கேட்ட அந்தப் படிவம்.

உங்கள் வழக்குக்கு அது பாதகமில்லை. எந்தக் கட்டத்தைக் குறித்தாலும் குறிக்காவிட்டாலும் உங்கள் உரிமை மாறாது. ஆனால் நீங்கள் ஏன் அப்படிக் குறித்தீர்கள் என்று எனக்குத் தெரியும் என்று நினைக்கிறேன். என் அப்பா இந்த நாட்டில் முப்பது ஆண்டுகள் வாழ்ந்தார். எந்தப் படிவத்திலும் அந்தக் கட்டத்தை நிரப்பியதில்லை. பெயர், பிறந்த திகதி, முகவரி எல்லாம் அழகான கையெழுத்தில் எழுதிக்கொண்டே வருவார், இனம் என்ற வரிக்கு வந்ததும் பேனா நின்றுவிடும். மூடியைப் போட்டு மேசையில் வைத்துவிட்டு எழுந்து போவார். 1983 ஜூலையில் கொழும்பில் கும்பல்கள் வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு தமிழர் வீடுகளைத் தேடி வந்ததை அனுபவித்தவர் அவர். ஒரு பட்டியலில் நம் இனம் எழுதப்பட்டிருப்பது எதற்குப் பயன்படும் என்று அவருக்குத் தெரியும். அந்தப் பயத்தை நான் மூடத்தனம் என்று சொல்ல மாட்டேன்.

ஆனாலும் அடுத்த தடவை நிரப்புங்கள் என்று உங்களிடம் கேட்கிறேன். இந்த நாட்டில் இன விவரம் தனிப் பாதுகாப்புக்குரிய தரவு. உங்களைப் பற்றி முடிவெடுக்க அதைப் பயன்படுத்தினால் அதுவே சட்டமீறல். நிரப்பாவிட்டால் நேர்வது என்னவென்று பாருங்கள். குடிசன மதிப்பீட்டில் இந்தியர், பாகிஸ்தானியர், வங்காளதேசத்தவர், சீனர் என்று தனித்தனிக் கட்டங்கள் உண்டு. ஈழத்தமிழர் "வேறு ஆசியர்" என்ற கட்டத்துக்குள் போய்விடுகிறோம். தேசியப் புள்ளிவிவர அலுவலகத்தின் 2022 கணக்கில் இந்திய வம்சாவளியினரின் இடைநிலைச் சம்பளம் வெள்ளையரைவிட அதிகம், பாகிஸ்தானியர், வங்காளதேசத்தவருக்குக் குறைவு. எல்லோரையும் ஆசியர் என்று ஒரே பானையில் போட்டுக் கிளறினால் குறை இருப்பதே தெரியாது. அரசு கருத்துக் கேட்ட திட்டத்தில், ஒரு குழுவில் குறைந்தது பத்துப் பேர் இருந்தால்தான் அந்தக் குழுவின் எண் தனியாக வெளிவரும். உங்கள் நிறுவனத்தில் பதினான்கு பேர் இருந்து, ஐந்து பேர் "சொல்ல விருப்பமில்லை" என்று குறித்தால், அந்தப் பதினான்கு பேரும் கணக்கிலிருந்து மறைந்துவிடுவார்கள்.

இந்த வாரம் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். மனிதவளப் பிரிவுக்கு எழுத்தில் கேளுங்கள்: உங்கள் தரத்தின் கீழெல்லை, மேலெல்லை எவ்வளவு, உங்கள் தொடக்கச் சம்பளத்தை யார், எதை வைத்து முடிவு செய்தார்கள், வெளிநாட்டு அனுபவத்தை ஒதுக்கும் விதி எங்கே எழுதப்பட்டிருக்கிறது, சந்தை நிலவரத்துக்கு எந்த ஆவணம் ஆதாரம். மழுப்பினால் அந்த மழுப்பலையும் தீர்ப்பாயம் கவனிக்கலாம். அதே நாளில், தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் உங்களைப் பற்றி அவர்களிடம் இருக்கும் பதிவுகளின் பிரதி கேட்டு இன்னொரு கடிதம் கொடுங்கள்; கட்டணம் இல்லை, பொதுவாக ஒரு மாதத்துக்குள் தர வேண்டும். உங்கள் சம்பளம் பற்றி மேலாளர்கள் ஒருவருக்கொருவர் எழுதியது பல தடவை இப்படித்தான் வெளியே வரும்.

செலவைப் பற்றிப் பயப்படாதீர்கள். 2013இல் தீர்ப்பாயத்துக்குக் கட்டணம் வைத்தார்கள், பாகுபாட்டு வழக்குக்கு 1,200 பவுண்ட்வரை. யூனிசன் தொழிற்சங்கம் உச்ச நீதிமன்றம்வரை போய் 2017இல் அதை உடைத்தது. இன்று கட்டணம் இல்லை, தோற்றாலும் எதிர்த்தரப்புச் செலவு உங்கள் தலையில் விழுவது அரிது. தொழிற்சங்கத்தில் இல்லையென்றால் சேருங்கள், ஆனால் சேர்வதற்கு முன் தொடங்கிய பிரச்சினைக்கு எல்லாச் சங்கங்களும் வழக்கறிஞர் தராது என்பதால் அதை மட்டும் நம்ப வேண்டாம். வீட்டுக் காப்புறுதிப் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள், சட்டச் செலவுக்கான காப்புறுதி அதில் இருக்கிறதா என்று. பலருக்கு இருக்கும், பலருக்குத் தெரியாது. இல்லாவிட்டால் உள்ளூர்ச் சட்ட நிலையமோ சிட்டிசன்ஸ் அட்வைஸ் அலுவலகமோ முதல் ஆலோசனை தரும். வழக்கென்று போனால் விசாரணைக்கு ஓர் ஆண்டுக்கு மேலும் ஆகலாம், பல வழக்குகள் அதற்கு முன்பே சமரசத்தில் முடிகின்றன.

மேலாளரின் மின்னஞ்சலில் உள்ள திகதியிலிருந்து மூன்று மாதம் எண்ணி, அதில் ஒரு நாளைக் கழியுங்கள். அந்த நாளுக்கு இரண்டு வாரம் முந்திய நாளைச் சமையலறை நாட்காட்டியில் சிவப்பு மையால் வட்டமிட்டு, பக்கத்தில் "ஏகாஸ்" என்று எழுதுங்கள். அதைக் கணவருக்கும் காட்டுங்கள்.